வராதவர் யார்?

நகரத்திலே அன்புக்கு இடமில்லை, அயலார் முகமறியாத ஊர் அது என்று பலர் குறை கூறக் கேட்டிருக்கிறோம். கிராமத்தில் ஒரு வீட்டில் அடுப்பு எரியாவிடில் தெரு முழுவதும் அறியும். நகரத்திலோ சுவருக்கு அப்பால் அழுகுரல் எழுந்தாலும் கதவு திறப்பதில்லை என்பர். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் நகரத்தைப் பழித்துவிட்டு நாம் ஒதுங்கிவிட இயலாது. ஏனெனில் திருச்சபை வளர்ந்ததே நகரங்களில்தான்.

எருசலேமில் பிறந்து, அந்தியோக்கியாவில் கிறிஸ்தவர் என்னும் பெயர் பெற்று, கொரிந்து, எபேசு, உரோமை என நகரம் நகரமாகப் பரவியது நமது விசுவாசம். அக்கால உரோமையில் எளிய மக்கள் குடியிருந்தவை இன்றைய அடுக்குமாடி வீடுகளைப் போன்றவையே. கீழே கடைகள், மேலே மாடிக்கு மேல் மாடியாகச் சிறு சிறு குடியிருப்புகள். அவை அளவு மீறி உயர்ந்தமையால், 70 அடிக்கு மேல் எழுப்பலாகாது என்று அகுஸ்து பேரரசர் வரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. பல தேசத்தாரும் பல மொழியினரும் அங்கே நெருக்கியடித்து வாழ்ந்தனர்.

அந்நகரில் வாழ்ந்த வேதசாட்சி புனித ஜஸ்டின், ஏறத்தாழ கி.பி. 155இல், கிறிஸ்தவர்களின் ஞாயிறு வழிபாட்டை விவரித்து எழுதியுள்ளார். அனைவரும் ஓரிடத்தில் கூடுவர், வேதாகமம் வாசிக்கப்படும், அப்பமும் இரசமும் நன்றியறிதலுடன் ஒப்புக்கொடுக்கப்படும். பின்னர், வராதவர்களுக்குத் தியாக்கோன்கள் நற்கருணையை எடுத்துச் செல்வர். வசதியுள்ளோர் மனமுவந்து அளித்த காணிக்கை அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறைப்பட்டோர், அந்நியர் ஆகியோருக்குப் பயன்படும். ஏறக்குறைய நூறாண்டு கழித்துப் பாப்பரசர் புனித கொர்னேலியு எழுதிய கடிதமொன்றில், உரோமைத் திருச்சபை 1,500க்கும் மேற்பட்ட கைம்பெண்களையும் வறியோரையும் பராமரித்து வந்ததாகக் காண்கிறோம்.

‘வராதவர்களுக்கு’ என்ற சொல்லிலே நம் சிந்தனை சற்று நிற்கட்டும். வராதவருக்கு எடுத்துச் செல்ல வேண்டுமாயின், வராதவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். அவர் எந்தச் சந்தில், எத்தனையாவது மாடியில், என்ன நோயுடன் இருக்கிறார் என்று எவரேனும் அறிந்திருக்க வேண்டும். அவர்களுடைய தர்மம் பணப்பையிலே தொடங்கவில்லை. “இன்று அவரைக் காணோமே” என்னும் கேள்வியிலே தொடங்கிற்று.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள். இவர்களுக்கு இரக்கமில்லை என்று யார் கூற முடியும்? 2015 டிசம்பரில் சென்னையில் அடையாறு கரைபுரண்டபோது, மாடியில் இருந்தோர் கீழ்வீட்டாரை ஏற்றுக்கொண்டனர். மீனவர் தம் படகுகளுடன் தெருக்களுக்குள் வந்தனர். ஆலயங்களும் மசூதிகளும் மக்களுக்குப் புகலிடமாயின. வெள்ளம் வடிந்தது, கதவுகளும் மீண்டும் மூடிக்கொண்டன. பேரிடரில் பொங்கும் அன்பு அன்றாட நாளில் வற்றிவிடுவதே நமது துயரம்.

நமது பங்கிலே அண்மையில் ஒரு மூதாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து, இரவு முழுவதும் தரையிலே கிடந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில், மாதந்தோறும் பணம் தவறாமல் வருகிறது. காலையில் வாசலில் பால் பாக்கெட் எடுக்கப்படாமல் இருப்பதைக் கண்டு கதவைத் தட்டியவர் எதிர்வீட்டு இந்து சகோதரி. அவரால் ஓர் உயிர் பிழைத்தது. ஆண்டுக்கணக்கில் அத்தாயின் அருகே அமர்ந்து பூசை கண்டவர்களுக்கோ அவர் வீடு எது என்றே தெரிந்திருக்கவில்லை.

அன்பியங்கள் இந்தக் குறையைப் போக்கவே ஏற்பட்டவை. செபமாலை சொல்லி, தேநீர் அருந்திக் கலைவதோடு அவற்றின் பணி முடிவதில்லை. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் “வராதவர் யார்?” என்று கேட்போம், அவ்வாரத்திற்குள் இருவர் சென்று பார்த்துவரட்டும். தனித்திருக்கும் முதியோரின் பிள்ளைகளுடைய தொலைபேசி எண் அயல்வீட்டாரிடம் இருக்கட்டும். ஒவ்வொரு குடும்பமும் இரண்டு வீடுகளைத் தன் பொறுப்பாக ஏற்கட்டும். அவற்றுள் ஒன்று பிற சமயத்தவர் வீடாக இருப்பது நன்று. வடமாநிலத்திலிருந்து வந்து நம் வாசலில் இரவெல்லாம் காவல் காக்கும் இளைஞனையும் மறவாதிருப்போம். ஜஸ்டின் குறிப்பிட்ட அந்நியன் அவனே.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நலம் விசாரிப்பது வேறு, பிறர் வீட்டுக் காரியத்தைத் துருவுவது வேறு. முன்னது கதவைத் திறக்கும். பின்னது என்றைக்கும் அடைத்துவிடும்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்புமுன், நம் பக்கத்து இருக்கைகளை ஒருமுறை நோக்குவோம். அங்கே காலியாக உள்ள இடம் யாருடையது? அதை அறிந்து, அவ்வீட்டுப் படியேறிச் செல்வோருடன் நற்கருணை நாதரும் கூடவே செல்வார்.