ஆசியாவிலேயே முதலாம்!

பெங்களூரில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருக்கும் சொந்தக்காரப் பையன் ஒருவன் போன வாரம் ராபர்ட்சன்பேட்டைக்கு வந்திருந்தான். தலைப்பு, தங்கவயலின் சமூக வரலாறு. எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கினாய் என்று கேட்டேன். "எல்லாம் போன்லயே இருக்கு மாமா, லைப்ரரிக்கெல்லாம் இப்ப யாரு போறா?" என்று முதல் அத்தியாயத்தை நீட்டினான். ஆசியாவிலேயே முதன்முதலாக மின்சாரம் வந்த ஊர் கோலார் தங்கவயல் என்று அமர்க்களமாக ஆரம்பிக்கிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து இங்கே மின்சாரம் வந்தது 1902இல். டார்ஜிலிங் அருகே சித்ராபோங்கில் 1897லேயே நீர்மின் நிலையம் ஓடியது. கல்கத்தாவுக்கு 1899இல் மின்சாரம் வந்தாயிற்று. இதைச் சொன்னால், "சரி, டோக்கியோவுக்கு அடுத்தது நாமதான்" என்று ஒரு படி இறங்கி நிற்கிறார்கள். டார்ஜிலிங்கை ஆசியாவிலிருந்து எப்போது தூக்கினார்களோ!

கூத்து என்னவென்றால், பொய்யைவிட உண்மைதான் பெரியது. சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கம்வரை 92 மைலுக்குக் கம்பி இழுத்தார்கள். உலகத்திலேயே மிக நீளமான மின்தடங்களில் ஒன்று அன்றைக்கு அது. யாருக்காக? ஆலைக்கும் சுரங்க எந்திரங்களுக்கும். தட்டிக் குடிசையில் கிடந்த தொழிலாளிக்கு விளக்கேற்ற எந்தத் துரையும் காவிரிக்குப் போகவில்லை. சமூக வரலாறு எழுத வந்தவன் கேட்க வேண்டிய கேள்வி அங்கேதான் இருக்கிறது. இவனோ, ஊரே ஜொலித்தது என்று எழுதி வைத்திருக்கிறான்.

ரெஃபரன்ஸ் பிரிவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். இம்பீரியல் கெசட்டியர், 1908ஆம் ஆண்டுப் பதிப்பு, 15ஆம் தொகுதி. கோலாரைத் தேடிப் பிடித்தால் தங்கவயலும் பக்கத்திலேயே இருக்கும். அதற்கு முன்னால் ரைஸின் மைசூர் கெசட்டியர், பின்னால் ஹயவதன ராவின் கெசட்டியர், கோலார் மாவட்டக் கல்வெட்டுகளுக்கு எபிகிராஃபியா கர்நாடிகாவின் 10ஆம் தொகுதி, பத்தாண்டுக்கு ஒருமுறை சென்சஸ் அறிக்கை. சுரங்கக் கம்பெனிகளின் பெயர்கள் தெரிந்த பிறகு போனைத் தட்டினால் போனும் உருப்படியாக ஏதாவது சொல்லும். வெறுமனே கேஜிஎஃப் என்று தட்டினால் அதே பெயரிலுள்ள சினிமாவின் நாயகன் யாஷ்தான் தாடியோடு வருவார். அந்தப் படத்தில் 1951இல்தான் தங்கமே கண்ணில் படுகிறது! ஜான் டெய்லர் கம்பெனி 1880இலேயே இங்கே கால் வைத்துவிட்டது. படத்தை நம்பினால், எழுபது வருஷமாக எங்கள் தாத்தாக்கள் என்ன, புளியங்கொட்டையா தோண்டினார்கள்?

நூலகம் நேரத்தைத் தின்னும் என்பது அடுத்த உளறல். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது 1931இல் வெளிவந்த ரங்கநாதனின் ஐந்து விதிகளில் நான்காவது. சீர்காழிக்காரர். கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலகர் எதற்கு, அலமாரிக்குக் காவல் காக்கவா? எந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகம் என்று சொல்லத்தான். அவரிடம் கேட்பதே கௌரவக் குறைச்சல் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? பாடநூலுக்கு வெளியே எட்டிப் பார்க்காத பேராசிரியர்கள்தான். சொத்துவரியோடு நூலக வரியையும் கட்டுகிறோம். அந்தக் காசில் வாங்கிய தொகுதிகளின் மேல் தூசிதான் படிகிறது.

தமிழ்ப் பக்கம் நிலைமை இன்னும் கேவலம். அயோத்திதாசரின் எழுத்துகளை இதே தங்கவயலில் சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டு வெளியிட்டது. அவருடைய 'தமிழன்' இதழும் பிற்பாடு இங்கிருந்து வந்தது. பையனுக்கு அயோத்திதாசர் என்ற பெயரே புதிது. பழைய நூற்பட்டியல் ஒன்றைப் புரட்டியிருந்தால் தன் ஊரில் ஓர் அச்சுக்கூடம் இருந்தது என்றாவது தெரிந்திருக்கும்.

நான் சொன்ன 15ஆம் தொகுதிக்காகப் பஸ் ஏறக்கூட வேண்டாம். சிகாகோ பல்கலைக்கழகம் மொத்த வரிசையையும் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. அப்படி ஒரு புத்தகம் இருப்பதே தெரியாதவனுக்கு அது எந்த ஊரில் இருந்து என்ன?

அத்தியாயத்தை வழிகாட்டி பார்த்துவிட்டாராம், திருத்தம் எதுவும் இல்லையாம். நாளைக்கு இந்த ஆய்வேட்டை இன்னொருவன் மேற்கோள் காட்டுவான். ஆசியாவிலேயே முதல் என்பதற்கு அப்போது அடிக்குறிப்பும் கிடைத்துவிடும்.