ஸ்கேன் ரிப்போர்ட் தீர்ப்பு அல்ல: மூளைக் கட்டியின் வேகத்தை எம்.ஆர்.ஐ சொல்லிவிடுமா?

வீட்டில் ஒருவருக்கு மூளையில் கட்டி. எம்.ஆர்.ஐ ரிப்போர்ட் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது. அடுத்த நிமிஷமே நாம் செய்வது, அதிலுள்ள வார்த்தைகளை கூகுளில் தேடுவது. 'ஹை கிரேட்' என்றிருந்தால் பாதி உயிர் போய்விடும். 'லோ கிரேட்' என்றால், "அப்பாடா, மெதுவா பார்த்துக்கலாம்" என்று தோன்றும். என்னைக் கேட்டால், இரண்டுமே தப்பு.

கிரேட் என்றால் என்ன?

மூளைக் கட்டிகளை உலக சுகாதார நிறுவனம் 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறது. 4 என்றால் வேகமாக வளர்ந்து பரவும் ரகம். க்ளியோபிளாஸ்டோமா இதில்தான் வரும்.

ஸ்கேன் எதைப் பார்க்கிறது?

ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இயற்கையாகவே ஒரு தடுப்பு உண்டு. அது உடைந்த இடத்தில் கான்ட்ராஸ்ட் மருந்து கசிந்து, படத்தில் பளிச்சென்று தெரியும். நடுவில் இருட்டு, சுற்றிலும் மோதிரம் போல வெளிச்சம் என்றால் டாக்டர்கள் உஷாராவார்கள். கட்டிக்குள் ரத்தம் எவ்வளவு என்பதை பெர்ஃபியூஷன் எம்.ஆர்.ஐ அளக்கும். செல்கள் வேகமாகப் பெருகினால் கோலின் என்ற ரசாயனம் கூடும். அதை ஸ்பெக்ட்ரோஸ்கோபி காட்டும்.

எங்கே ஏமாறலாம்?

குழந்தைகளுக்கு அதிகம் வரும் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமாவும் பளிச்சென்றுதான் தெரியும். ஆனால், அது கிரேட் 1. நம் நாட்டில் மூளைக் காசநோயும், நாடாப்புழுத் தொற்றும்கூட அதே மோதிரத்தைக் காட்டலாம். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். படத்தில் சாதுவாகத் தெரியும் கட்டி, மரபணு சோதனையில் கிரேட் 4 ஆகலாம். 2021-ல் வந்த உலக சுகாதார நிறுவன வகைப்பாடு, சில மரபணு மாற்றங்கள் இருந்தாலே அப்படிக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

அப்போ ஸ்கேன் வேஸ்ட்டா?

இல்லவே இல்லை. ஒரே கட்டிக்குள்ளேயே ஓர் இடம் சாதுவாகவும், இன்னோர் இடம் மூர்க்கமாகவும் இருக்கும். பயாப்சிக்கு எங்கிருந்து திசு எடுக்கணும் என்று வழிகாட்டுவது ஸ்கேன்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுக் கதையும் புரியும்.

அதனால், ரிப்போர்ட் பேப்பரோடு நிறுத்திக்கொள்ளாமல், படங்கள் உள்ள சிடியையும் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரிடம் எடுத்துட்டுப் போங்க. "இது ஸ்கேனை வைத்துச் சொல்லும் சந்தேகமா, திசுவில் உறுதியானதா? மரபணு சோதனை தேவையா?" என்று கேளுங்க. பதில் வரும்வரை கூகுளுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்க. டாக்டர் சொன்ன தேதியை மட்டும் தள்ளிப் போடாதீங்க.