நாய்க்கு எலும்பு போடலாமா?

நாய் நன்றியுள்ள பிராணி. அது எலும்பை விரும்பித் தின்னும். கட்டுரை எழுதக் கற்கும் நம் மாணவருள் இவ்விரு வாக்கியங்களையும் எழுதாதவர் அரியர். முதல் வாக்கியத்தில் நமக்கு மாறுபாடு இல்லை. இரண்டாவதும் பொய்யன்று. ஆயினும் விரும்பித் தின்பவை யாவும் உடலுக்கு ஏற்றவை ஆகிவிடா. மிட்டாயைப் பற்றிப் பெற்றோர் தம் பிள்ளைகளிடம் நாள்தோறும் சொல்லி வருவதும் இதுதானே! சமைத்த எலும்பை நாய்க்குப் போடும் வழக்கத்தைத் தோட்ட மக்கள் அறவே கைவிடல் வேண்டும் என்பதே நம் கருத்து.

நம் தோட்டங்களில் நாய் வெறும் அழகுக்காக வளர்க்கப்படுவதன்று. வைகறையில் பெற்றோர் வேலைக்குச் சென்றபின் லயத்து வீட்டு வாசலைக் காப்பது அதுவே. கோழிக்கூட்டருகே பாம்பு வந்தால் முதற்குரல் கொடுப்பதும் அதுவே. அதற்கு நாம் அளிக்கும் ஊதியமோ பெரும்பாலும் எஞ்சிய சோறும் எலும்புந்தான். ஆலயத்தில் கிடாய் வெட்டிப் பூசை நடைபெறும் நாளிலும், திருமண விருந்து நாளிலும் இந்த ஊதியம் அளவுக்கு மீறி வழங்கப்படுகிறது. அடுத்த சில நாள்களில் ஒரு நாய் உண்ணாமற் படுத்துக் கிடந்து இறந்துபோனால், “வயிற்று நோய்” என்று கூறிப் புதைத்துவிடுகிறோம். காரணத்தைத் தேடுவாரில்லை.

எலும்பைச் சமைக்கும்போது அதன் இளக்கம் கெட்டு, எளிதில் நொறுங்கும் தன்மை மிகுகிறது. நாய் அதனைக் கடித்தால் கூரிய சிம்புகளாய்ப் பிளவுறும். கோழி எலும்பு இதிற் கொடியது. சிம்பு வாயைக் கீறும், தொண்டையில் சிக்கும், குடலைத் துளைக்கவும் கூடும். குடலில் துளை விழுந்தால் அறுவை மருத்துவமின்றி நாய் பிழைப்பது அரிது. துளைக்காவிடினும் எலும்புத்தூள் இறுகிக் குடலை அடைத்துக்கொள்வதுண்டு. குழம்பிலிருந்து எடுத்துப் போடும் எலும்பில் வெங்காயமும் பூண்டும் ஒட்டியிருக்கும். அவை நாயின் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதையும் நினைவிற்கொள்ளல் நன்று.

“பாட்டன் காலத்திலிருந்து நாய் எலும்பு தின்றுதானே வளர்ந்தது?” என்று வினவுவோர் உளர். வளர்ந்த நாய்களை நாம் கண்டோம். மாண்ட நாய்களை யார் கணக்கெடுத்தார்? “அப்படியானால் பச்சை எலும்பு போடலாமே?” என்பது அடுத்த வினா. பச்சை எலும்பு அத்துணை எளிதில் சிம்பாகாது என்பது மெய்யே. ஆயினும் தடித்த மாட்டெலும்பு பல்லைப் பிளக்கும். பச்சை இறைச்சியிலுள்ள நோய்க்கிருமிகள் நாயின் வாய்வழியே அதனோடு விளையாடும் குழந்தையின் கைக்கும் வந்து சேரும். ஆதலின் அதனையும் நாம் பரிந்துரைப்பதற்கில்லை.

எனினும் நாய்க்குக் கடிப்பதற்கு ஏதேனும் வேண்டும். குட்டிக்கு இருபத்தெட்டுப் பாற்பற்கள் விழுந்து, ஏறத்தாழ ஏழாம் மாதத்திற்குள் நாற்பத்திரண்டு நிலைப்பற்கள் முளைக்கின்றன. அக்காலத்தில் ஈறு ஊறும். நாம் ஒன்றும் கொடாவிடில் அது பள்ளிக் காலணியைக் கடிக்கும். (வீட்டுப்பாடப் புத்தகத்தை நாய் தின்றுவிட்டது என்று கூறும் மாணவரை நாம் முற்றிலும் நம்புவதில்லை, ஆயினும் நடவாததென்று சொல்வதற்கில்லை.)

பேரங்காடிகளில் முடிச்சிட்ட எலும்பு வடிவில் விற்கப்படுவது மாட்டுத்தோலின் உட்பகுதி. எச்சிலில் ஊறிப் பருத்து, வழவழப்பான துண்டாகி, அப்படியே விழுங்கப்பட்டுத் தொண்டையையோ குடலையோ அடைப்பதுண்டு. வேகவேகமாய் விழுங்கும் நாய்க்கு அதனை வாங்காதிருத்தல் நலம். மான்கொம்பு, மாட்டுக்குளம்பு முதலியன மிகக் கடினமானவை. இதனைக் கண்டறிய இரு சோதனைகள் உள. பொருளைப் பெருவிரல் நகத்தால் அழுத்துக. சிறிதேனும் தடம் பதிதல் வேண்டும். அதனால் உம் முழங்காற்சில்லில் மெல்லத் தட்டிப் பார்க்க. வலித்தால் அது நாயின் பல்லுக்கும் ஆகாது. பருமனிலும் அது நாயின் வாய்க்குள் முழுவதும் அடங்காததாய் இருத்தல் வேண்டும். கடித்துக் கடித்துச் சிறிதானவுடன் அகற்றிவிட வேண்டும்.

காசு செலவழித்தே ஆகவேண்டும் என்பதில்லை. தடித்த காரட்டை முழுதாய்க் கொடுத்து அருகிலிருந்து பார்த்துக்கொண்டால் போதும். சோளத்தைத் தின்றபின் எஞ்சும் சக்கையையும் மாங்கொட்டையையும் மட்டும் எறிந்துவிடாதீர். இவை குடலில் அடைத்துக்கொள்பவை. பாயசத்திலிருந்து பொறுக்கிய உலர் திராட்சையும் ஆகாது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கடிபொருள்களுள் நமக்குப் பெரிதும் உவப்பானது ஒன்றுண்டு. அமெரிக்க நாட்டின் கொலராடோ மாநிலத்தில் ஜோ மார்க்கம் என்பவரின் நாய் கல்லைக் கடித்துத் தன் பல்லைத் தேய்த்து வந்தது. வோக்ஸ்வாகன் வண்டியின் இரப்பர் உறுப்பு ஒன்றை அது விரும்பிக் கடிக்கக் கண்ட அவர், உள்ளே குழிவுள்ள இரப்பர்க் கடிபொருளைப் படைத்தார். 1976ஆம் ஆண்டு ‘கோங்’ என்னும் பெயரில் அது வணிகமாயிற்று. அது இயற்கை இரப்பராலானது. நம் முன்னோர் விடியுமுன் எழுந்து வெட்டிய பால்மரத்தின் சரக்கு நாயின் பல்லைக் காக்கிறது என்பதில் நமக்கொரு பெருமிதம். குழிவுக்குள் சிறிது சோற்றை அடைத்துக் கொடுத்தால் நாய் நெடுநேரம் அமைதியாய் இருக்கும்.

மாணவச் செல்வங்களே! நாய் கடித்துக்கொண்டிருக்கும் பொருளை ஒருபோதும் கையால் பிடுங்காதீர். உம் வீட்டு நாயேயாயினும் அவ்வேளையில் கடிக்கும். பெரியவரை அழையுங்கள், அவர் வேறு நல்ல தீனியைக் காட்டி அதனை விடச் செய்வார். எலும்பு விழுங்கிய நாய் வாந்தியெடுத்தாலோ, எச்சில் ஒழுக வாயைக் காலால் பிறாண்டினாலோ, மலங்கழிக்க முக்கினாலோ, நாட்டு வைத்தியம் பார்த்துக் காலம் போக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வளர்ப்பவர் தம் விலங்கிற்குத் தக்க உணவளிக்க வேண்டும் என்பது நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்திலும் இடம்பெற்ற கடமையாகும்.

ஆலயக் குழுவினருக்கு நம் வேண்டுகோள் ஒன்று. அடுத்த திருவிழாவில் சமையற் கொட்டகைக்கும் பந்திக்கும் அருகே எலும்புகளுக்கென்று மூடியுள்ள தொட்டிகள் இரண்டு வைத்து, அன்று மாலையே ஆழக் குழிதோண்டிப் புதைக்க ஏற்பாடு செய்தல் வேண்டும். அறிவிப்புப் பலகையை நம் ஐந்தாம் ஆண்டு மாணவர் எழுதித் தருவர்.