எல்லாத்துக்கும் 'ஹை' போடும் ரிப்போர்ட்

ஐஎன்ஆர் ரிப்போர்ட் அச்சடிக்கிற லேப்காரங்க மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கடுப்பு. இன்னிக்கு அதை எழுதித் தீர்த்துடறேன்.

விஷயம் தெரியாதவங்களுக்கு முதல்ல கொஞ்சம் முன்கதை. இதயத்துல உலோக வால்வு வெச்சவங்களுக்கு ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் இல்லேன்னா அசினோகூமரால் தருவாங்க. நம்மூர் மருந்துக்கடையில அசிட்ரோம்னு கேட்டு வாங்குறது ரெண்டாவது வகை. மருந்து பத்தலேன்னா வால்வுல ரத்தம் கட்டிக்கும், பக்கவாதம் வரைக்கும் போகும். அதிகமாயிட்டா வயித்துலயோ மூளையிலயோ ரத்தக்கசிவு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது ஒரு ஒத்தையடிப் பாதை. அதுல தான் போயிட்டிருக்கோமான்னு சொல்ற எண்தான் ஐஎன்ஆர்.

இந்த எண் வந்த கதை எனக்குப் பிடிக்கும். ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகுதுன்னு அளக்குற புரோத்ராம்பின் டைம் டெஸ்ட்டை அமெரிக்காவுல ஆர்மண்ட் குவிக் 1935-ல கொண்டு வந்தார். சிக்கல் என்னன்னா, ஒவ்வொரு லேப் வாங்குற ரசாயனமும் ஒவ்வொரு வேகம். ஒரே ரத்தம் ஒரு லேப்ல 30 விநாடி காட்டும், இன்னொண்ணுல 24 காட்டும். அதனால 1983-ல உலக சுகாதார நிறுவனம் ஒரு பொதுக்கணக்கு கொண்டு வந்துச்சு. நோயாளியோட விநாடியை நார்மல் ஆளோட விநாடியால வகுத்து, அந்த ரசாயனத்துக்குன்னு உள்ள ஐஎஸ்ஐ எண்ணை அடுக்கா போடணும். நார்மல் 12 விநாடின்னு வெச்சுக்குங்க. 30-ஐ 12-ஆல வகுத்து ஐஎஸ்ஐ 1 போட்டா 2.5. 24-ஐ 12-ஆல வகுத்து ஐஎஸ்ஐ 1.3 போட்டாலும் கிட்டத்தட்ட 2.5. அழகு!

இவ்வளவு பாடுபட்டு உலகத்துக்கே பொதுவா ஆக்கின எண்ணை, கடைசியில பேப்பர்ல எப்படி அடிக்கிறாங்க? பக்கத்துலயே 'நார்மல்: 0.8 - 1.2'ன்னு போட்டு, அதுக்கு மேல எது இருந்தாலும் தடிச்ச எழுத்துல 'ஹை'. அந்த 0.8 - 1.2 மாத்திரையே சாப்பிடாதவங்களுக்கான அளவுங்க!

அம்மாவுக்கு மைட்ரல் இடத்துல உலோக வால்வு. டாக்டர் சொன்ன இலக்கு 2.5-ல இருந்து 3.5. போன மாசம் வந்தது 2.9. நடு சென்டர். ஆனா ரிப்போர்ட்டைப் பார்த்த சித்தி, "அக்கா, ரத்தம் ஒரேயடியா தண்ணியாப் போச்சு போலருக்கு, ரெண்டு நாளைக்கு மாத்திரையை நிறுத்து"ன்னுட்டாங்க. நல்லவேளை, அம்மா மதுரையில இருந்து எனக்கு போன் போட்டாங்க. "ஏன்டா, ஹைன்னு போட்டிருக்கே, சாப்பிடவா வேணாமா?" சாப்பிடுங்கம்மான்னு சொல்லிட்டு, டாக்டர்கிட்டயும் கேட்டுச் சொன்னேன். சித்தியைக் குத்தம் சொல்ல மாட்டேன். அச்சடிச்ச பேப்பர் சொல்றதைத்தானே அவங்க நம்பினாங்க.

இதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. அம்மாவுக்கு 1.6 வந்தா அது ஆபத்தான அளவுக்குக் குறைச்சல். அதுக்கும் 'ஹை'தான் அடிக்கும்! 6 வந்தா உடனே டாக்டரைக் கூப்பிடணும். அதுக்கும் அதே 'ஹை'. எங்க ஆபீஸ்ல சர்வர் நல்லா ஓடினாலும், படுத்தாலும், பத்தி எரிஞ்சாலும் ஒரே அலாரம் அடிக்கிற மாதிரி எவனாவது கோடு எழுதினா ரிவ்யூவுலயே கிழிச்சுத் தொங்க விட்டுருவோம். இங்க உயிர் விஷயம், யாரும் கேக்கறதில்ல.

செய்ய வேண்டியது பெரிய ராக்கெட் சயன்ஸ் ஒண்ணும் இல்ல. ரத்தம் எடுக்கும்போதே "உறையாமைக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா, இலக்கு என்ன?"ன்னு ரெண்டு கேள்வி. ஆமான்னா அந்த இலக்கை அச்சடி. அதுவும் முடியலேன்னா அந்த 'ஹை'யையாவது எடுத்துத் தொலை. சாஃப்ட்வேர்ல ஒரு இஃப் கண்டிஷன்ங்க, அவ்வளவுதான்.

அது நடக்குற வரைக்கும் எங்க வீட்ல ஒரு நாற்பது பக்க நோட்டு. அட்டையிலயே பெரிய எழுத்துல '2.5 - 3.5'. உள்ளே தேதி, ஐஎன்ஆர், மாத்திரை அளவு, புதுசா ஏதாவது மருந்து சேர்ந்துச்சான்னு நாலு கட்டம். நாலாவது கட்டம் ரொம்ப முக்கியம். வயித்துப்போக்குக்குத் தர்ற மெட்ரோனிடசோல் மாதிரி சாதாரண மாத்திரைகூட ஐஎன்ஆரை எகிற வெச்சிரும்.

"அதான் டெஸ்ட்டே வேண்டாத புது மாத்திரைங்க வந்தாச்சே"ன்னு கேப்பீங்க. நிறைய பேருக்கு சரிதான். உலோக வால்வுக்கு மட்டும் ஆகாது. டபிகாட்ரானை வெச்சு நடந்த ஆய்வுல ரத்தக்கட்டியும் கசிவும் அதிகமானதால 2012-லயே நிறுத்திட்டாங்க. அபிக்ஸபானை வெச்சுப் பார்த்ததும் 2022-ல பாதியில நின்னுபோச்சு. அதனால எங்கம்மாவுக்கு இந்த ஊசியும் நோட்டும் தொடரும்.

அப்புறம் கீரை. வைட்டமின் கே இருக்கு, தொடவே கூடாதுன்னு பயமுறுத்துறாங்க. ஒரு மாசம் தொடாம இருந்துட்டு அடுத்த வாரம் தினமும் முருங்கைக்கீரை சாப்பிட்டாதான் எண் ஆட்டம் காணும். எங்கம்மா வாரம் ரெண்டு நாள், எப்பவும் ஒரே அளவுன்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு சாப்பிடுறாங்க. சித்திக்கு அதுலயும் சந்தேகம்தான் :-)