அயல்வீட்டு ஓசையும் நீதிமன்றமும்

சென்ற வாரம் எமக்குக் கிடைத்த கடிதங்களுள் ஒன்று எம்மைச் சற்றே திகைக்கச் செய்தது. எழுதியவர், உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளொருத்தியின் தந்தை. அயல் வளவிலே தச்சுப் பட்டறை. பகலிற் பெரும்பாலும் சும்மா கிடக்கும் இயந்திர வாள், மகள் புத்தகத்தை விரிக்கும் வேளை பார்த்துக் கூவத் தொடங்கி, இரவு பதினொரு மணிவரை ஓய்வதில்லையாம். இருமுறை சொல்லிப் பார்த்தார். “நீங்கள் குடிவருமுன்னரே பட்டறை இங்கே இருந்தது” என்பதே மறுமொழி. பொறுமையிழந்த தந்தையார், மூன்று இரவுகளாகத் தமது வானொலிப் பெட்டியை வேலிப் பக்கமாகத் திருப்பி, பட்டறைக்காரர் உறங்கப் போகும் நேரத்தில் உச்சக் குரலிற் பாடவிட்டு வருகிறார். இனி வழக்குத்தான் என்கிறார். வெல்லலாமா என்பது அவர் கேள்வி.

நாம் சட்டத்தரணி அல்லோம். எனினும், சட்ட மாணவர் இன்றும் படிக்கின்ற ஆங்கிலேய வழக்குகள் இரண்டு நினைவுக்கு வருகின்றன.

இலண்டன் விக்மோர் வீதியிலே பிரிட்ஜ்மன் என்னும் மிட்டாய்க்காரர், சீனிக் கட்டிகளை இடிப்பதற்கு இரண்டு பெரிய கல்லுரல்களை இருபது ஆண்டுகளுக்கு மேலாக வைத்திருந்தார். பின்னால் குடியிருந்த ஸ்டர்ஜஸ் என்னும் வைத்தியர், 1873இல் தம் தோட்டத்துக் கோடியில், அந்த உரல்கள் இருந்த சுவரோடு ஒட்டினாற்போல, நோயாளரைப் பார்க்கும் அறையொன்றைக் கட்டினார். இடிக்கும் ஓசையில் நோயாளியின் நெஞ்சொலி கேட்கவில்லை, வழக்குப் பிறந்தது. “நான் முந்தியவன்” என்றார் மிட்டாய்க்காரர். 1879இல் தீர்ப்பு வைத்தியர் பக்கமே வந்தது. எவருக்கும் இடைஞ்சலாயிராத காலத்தைக் கணக்கிட்டு, இடைஞ்சல் செய்யும் உரிமையைத் தேடிக்கொள்ள இயலாது என்றனர் நீதிபதிகள். (உரலும் உலக்கையும் ஓயாத நம் பழைய முற்றங்களுக்கு அருகே இவ் வைத்தியர் குடிவந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ!)

இதைப் படித்து நம் அன்பர் மகிழ்ந்திருப்பார். மற்ற வழக்கையும் படிக்கட்டும்.

இலண்டனைச் சேர்ந்த பிரிக்ஸ்டனிலே கிறிஸ்டி என்பவரின் மனைவி வீட்டிலே சங்கீதம் கற்பித்து வந்தார். பிள்ளைகளும் வாத்தியம் பயின்றனர். ஒரே சுவருக்கு அப்பால் இருந்தவர் டேவி என்னும் மரச் செதுக்கோவியர். இசை தாங்கமாட்டாமல் 1892இல் கடிதம் எழுதினார். பின்னர், அங்கே பாடம் தொடங்கும்போதெல்லாம் இவர் தட்டங்களை அடித்தார், சுவரில் இடித்தார், சீழ்க்கையடித்தார், கூச்சலிட்டார். 1893இல் நீதிபதி நோர்த், சங்கீதப் பாடத்தைக் குற்றமாகக் கொள்ளவில்லை. அயலவரை வருத்துவதற்கென்றே எழுப்பிய ஓசையைத்தான் தடுத்துக் கட்டளையிட்டார். மனக்குறையோடு தொடங்கியவர் டேவி. கட்டளையை ஏற்று நின்றவரும் அவரே.

வேலிப் பக்கம் திரும்பிய வானொலிப் பெட்டியைப் பற்றி இனி நாம் விரித்துரைக்க வேண்டுமோ?

இத் தீர்ப்புகள் நம் நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவன அல்ல. இங்கே அடிப்படை உரோமன் டச்சுச் சட்டம். 1996இல் வந்த ஒலிக் கட்டுப்பாட்டு விதிகள் இரவுக்கும் பகலுக்கும் வெவ்வேறு அளவு வகுத்துள்ளன. மேலும், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் உள்ளன. சிறு பிணக்குகள் பல முதலில் அங்கேதான் செல்லவேண்டும். இணக்கம் காணாவிடின் சபை சான்றிதழ் தரும், அதன் பின்னரே நீதிமன்றம். சட்டத்தரணிகள் அங்கே தோன்றி வாதிடுவதில்லை. இரு திறத்தாரும் ஒவ்வொரு மத்தியஸ்தரைத் தெரிவர். அவ்விருவரும் தலைவரைத் தெரிவர். ஒரே ஒழுங்கையிற் குடியிருக்கும் இருவர் ஒரு மேசையின் இருபுறமும் அமர்ந்து பேச வேண்டி வருவதை நாம் குறையாகக் கருதவில்லை.

மகளுக்குப் பரீட்சை இன்னும் மூன்று மாதத்தில் என்று எழுதியிருக்கிறார். மாவட்ட நீதிமன்றத்திலே முதல் தவணைகள் நகருமுன் அது முடிந்துவிடும். ஆதலின் அன்பர் இன்றிரவே வானொலியைப் பழைய இடத்தில் வைக்கட்டும். வாள் எப்போது தொடங்கி எப்போது ஓய்கிறது என்பதை நாள்தோறும் ஒரு கொப்பியிற் குறிக்கட்டும். பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையும் அழைத்துக்கொண்டு, படலையைத் திறந்து சென்று, ஆறு மணிக்குப் பின் வாளை நிறுத்துவதற்கு மூன்று மாதத் தவணை கேட்கட்டும். பட்டறைக்காரர் சொன்ன மறுமொழியை எமக்கும் எழுதுவாராக.