இலவச பஸ்ஸுக்கு யார் காசு?

வேர்களைத் தேடிப் போற பயணம் நமக்குப் புதுசில்ல. 2023 ஜூலை 28ல் தலைமன்னாரில் கிளம்பின ‘மாண்புமிகு மலையக மக்கள்’ நடைபயணம், ஆகஸ்ட் 12ல் நம்ம மாத்தளைக்கு வந்து சேர்ந்தது. நம்ம முன்னோர் நடந்தும், செத்து விழுந்தும் வந்த வழி அது.

வெளியிலயும் ஒரு பயணம் இருக்கு: ‘பர்த்ரைட் இஸ்ரேல்’. 1999லிருந்து உலகெங்கும் உள்ள யூத இளைஞர்களை 10 நாள் இலவசமா இஸ்ரேலுக்குக் கூட்டிப்போகுது. காசு? இஸ்ரேல் அரசும் பெரும் பணக்காரர்களும். அள்ளிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் கசினோ முதலாளி ஷெல்டன் அடெல்சன்.

வேர் தேடுறது தப்பே இல்ல. ஆனா காசு கொடுக்கிறவன்தான் பஸ் எங்கே நிக்கணும்னு முடிவு பண்றான். பாலஸ்தீனியர் படும் பாட்டை ஏன் காட்டலன்னு முதலில் கேட்டவங்களில் யூதப் பிள்ளைகளே இருந்தாங்க. 2018ல் சில பெண்கள் பயணத்தை நடுவில் விட்டுட்டு, ஹெப்ரோன் நிலைமையை நேரில் பார்க்கப் போனாங்க.

நமக்கும் கல்விச் சுற்றுலா, பயிற்சி முகாம்னு அழைப்பு வருது. சாப்பாடு, டீ-சேர்ட், ஹோட்டல் எல்லாம் ஃப்ரீ. தாராளமா போங்க. ஏறுறதுக்கு முன்னால மட்டும் கணக்கைக் கேளுங்க: யார் காசு? யார் போட்ட பாதை? லயத்துச் சனத்தோட காணி உரிமையும் சம்பளமும் அந்த மேடையில பேசலாமா?

பதில் வரலேன்னா, நடுவழியில இறங்கவும் தயங்காதீங்க.