ஏஞ்சல் தொட்டியும் "எல்லாம் சேர்ந்து இருக்கும் சார்" என்ற பொய்யும்

சென்னையில் வண்ண மீன் என்றாலே கொளத்தூர்தான். அங்கே எந்தக் கடையிலும் அரை மணி நேரம் நின்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். மீன் வாங்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது ஜோடி எவ்ளோ?" இரண்டாவது, "கலரா வேற என்ன இருக்கு?" "இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேருமா?" என்று கேட்பவர் அபூர்வம். அப்படியே ஒருத்தர் கேட்டுவிட்டாலும், பாலிதீன் பையில் தண்ணீர் பிடித்துக்கொண்டே பதில் வரும்: "எல்லாம் சேர்ந்து இருக்கும் சார். ஒண்ணும் பண்ணாது."

இந்த ஒரு வரியை நம்பித்தான் வீடுகளில் மீன்கள் வரிசையாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. செத்த பிறகு பழி யார் மேல்? தண்ணீர் மேல், தீனி மேல், பக்கத்து வீட்டுக் கண் மேல்!

முதலில் ஏஞ்சலைப் பற்றிய ஒரு மாயையை உடைக்க வேண்டும். பேரில் மட்டும்தான் தேவதை. அது அமேசான் படுகையில் இருந்து வந்த சிக்லிட் குடும்பத்து மீன். நம்மூர் ஏரிகளில் அடாவடி செய்யும் ஜிலேபிக் கெண்டைக்கும், கூட இருப்பதை எல்லாம் விழுங்கும் ஆஸ்காருக்கும் தூரத்துச் சொந்தம். கடையில் விற்கும்போது ஐந்து ரூபாய் நாணயம் அளவில், பரம சாதுவாக இருக்கும். வளர்ந்தால் உடல் மட்டும் 15 செ.மீ. வரை போகும், துடுப்பையும் சேர்த்தால் உயரம் அதைவிட அதிகம். விற்கிறவர் காட்டுவது குழந்தையை. வீட்டில் வளரப் போவது ஆளை.

இப்போது அந்தத் தொட்டியில் பத்து நியான் டெட்ரா விட்டால் என்ன ஆகும்? நியான் எவ்வளவு வளர்ந்தாலும் 3 முதல் 4 செ.மீ. தான். ஏஞ்சலின் சட்டம் ரொம்ப எளிமை: வாயில் நுழைந்தால் உணவு. முதல் மூன்று மாதம் ஒன்றும் நடக்காது. அப்புறம் பத்து எட்டாகும், எட்டு ஐந்தாகும். "ராத்திரி குதிச்சு வெளிய போயிருக்கும்" என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். எங்கேயும் குதிக்கவில்லை. ஏஞ்சலின் வயிற்றில்தான் இருக்கிறது.

சரி, சின்ன மீன்தான் பாவம் என்று நினைத்தால் அதுவும் தப்பு. டைகர் பார்ப் ஏஞ்சலை விடச் சின்னது. ஆனால் அடிவாங்குவது ஏஞ்சல்தான். ஏஞ்சல் ஒரே இடத்தில் நிதானமாக நிற்கும். நூல் மாதிரி தொங்கும் நீளத் துடுப்பு வேறு. பார்ப்புக்கு அதைக் கொத்துவதுதான் பொழுதுபோக்கு. செர்பே டெட்ராவும் இதே ரகம். கிழிந்த துடுப்பில் அழுகல் வரும். உடனே கடைக்கு ஓடி, ஒரு நீல மருந்து பாட்டில் வாங்கி ஊற்றுவார்கள். கொத்துகிற மீன் தொட்டிக்குள்ளேயே இருக்கும்போது மருந்து என்ன செய்யும்?

அடுத்து வாஸ்து. ஒன்பது மீன் இருக்கணும், அதில் ஒன்று கறுப்பாக இருக்கணும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். எட்டு கோல்டு ஃபிஷ், ஒரு கறுப்பு ஏஞ்சல்! கோல்டு ஃபிஷ்ஷுக்கு 20 டிகிரியை ஒட்டிய குளிர்ந்த தண்ணீர் நல்லது. ஏஞ்சலுக்கு 25 முதல் 28 டிகிரி வேண்டும். கோல்டு ஃபிஷ் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும், கழிவும் அதற்கேற்ப. தண்ணீரில் அம்மோனியா ஏறும். அதிர்ஷ்டம் வருகிறதோ இல்லையோ, நாற்றம் நிச்சயம் வரும்.

பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று தலையில் கட்டுகிறார்களே சக்கர், அதன் கதை இன்னும் மோசம். இரண்டு அங்குலத்தில் வாங்கியது ஒரு அடியைத் தாண்டும். ராத்திரியில் ஏஞ்சல் மாதிரித் தட்டையான மீன்களின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு மேல்தோல் வழவழப்பைச் சுரண்டித் தின்னும் பழக்கமும் அதற்கு உண்டு. வளர்ந்த பின் வைத்துக்கொள்ள முடியாமல் "புண்ணியமா போகட்டும்" என்று ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். அப்படி விட்ட சக்கர்தான் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழிக்கிறது. "குட்டி ஷார்க்" என்று விற்பதும் அப்படித்தான். அது ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய பங்காசியஸ் கெளுத்தி. ஓட்டல்களில் "பாசா" என்று தட்டில் வருவது பெரும்பாலும் அதுதான். அதற்கு இரண்டடித் தொட்டியில் என்ன வேலை?

இதற்கு வழக்கமாக மூன்று எதிர்வாதம் வரும்.

ஒன்று: "எங்க வீட்ல நாலு மாசமா எல்லாம் சேர்ந்துதான் இருக்கு." நாலு மாதத்தில் ஏஞ்சல் முழுசாக வளர்ந்திருக்காது. ஒரு ஜோடி சேர்ந்து முட்டையிடட்டும், அப்புறம் பேசலாம். முட்டையைக் காக்க, கண்ணில் பட்ட எல்லாவற்றையும், இன்னொரு ஏஞ்சலையும் சேர்த்து, மூலைக்கு விரட்டும்.

இரண்டு: "இருபது ரூபா மீன், செத்தா வேற வாங்கிக்கலாம். அதுக்கு என்ன வலியா தெரியப் போகுது?" தெரியும் என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. 2003-ல் லின் ஸ்னெடன் குழுவினர் ரெயின்போ டிரவுட் மீனின் தலையில் காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். அது கிடக்கட்டும். உயிரை விலையால் அளக்கலாம் என்று வீட்டுக் குழந்தைக்குக் கற்றுத்தரத்தான் தொட்டி வாங்கினார்களா?

மூன்று: "கடைக்காரரும் பிழைக்க வேண்டாமா?" தாராளமாக. ஆனால் செத்த மீனுக்குப் பதில் மீன், கிழிந்த துடுப்புக்கு மருந்து என்று தப்பான சேர்க்கையே மறு வியாபாரமாகிவிட்டால் அதற்குப் பேர் பிழைப்பு இல்லை. பி.காம். படிப்பவர்கள் எல்லோரும் "வாங்குபவரே, உஷார்" என்ற விதியைப் படித்திருப்பார்கள். அதற்கு விலக்கு உண்டு என்பதுதான் மறந்துபோகும். 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16: இன்ன தேவைக்கு என்று சொல்லி, அதையே தொழிலாக விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு நியாயமான அளவு பொருந்த வேண்டும். சட்டத்தின் கண்ணில் மீனும் சரக்குதான். இருபது ரூபாய்க்கு யாரும் கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள். ஆனால் நியாயம் எந்தப் பக்கம் என்பது தெரிகிறதல்லவா? "ஏஞ்சலோடு விடப் போறேன், சேருமா?" என்று வாய்விட்டுக் கேட்ட நொடியில் பொறுப்பின் பாதி கடைக்காரர் தோளுக்குப் போகிறது. கேட்காதவரை முழுப் பொறுப்பும் வாங்குகிறவருக்குத்தான்.

சரி, எதைத்தான் விடுவது? 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 85 லிட்டர். ஏஞ்சலுக்கு உயரம் முக்கியம். இதில் இரண்டு ஏஞ்சல் போதும். மூன்று விட்டால், இரண்டு ஜோடி சேர்ந்து மூன்றாவதை அடிக்கும். அடித்தளத்துக்கு ஆறு கோரிடோரஸ், வம்புதும்புக்குப் போகாது. நடுவில் நாலைந்து பிளாட்டி. நம்மூர் போர் தண்ணீரின் கடினத்தன்மை அதற்குப் பிடித்தமானது, பண்ணையில் பிறந்த ஏஞ்சலும் அதற்குப் பழகிக்கொள்ளும். இன்னும் பெரிய தொட்டி என்றால் பேர்ல் கௌராமி சேர்க்கலாம். ஏஞ்சல் ஜோடி முட்டையிட ஆரம்பித்தால் மற்றதைப் பிரிக்க இன்னொரு தொட்டி தயாராக இருக்க வேண்டும். இது எல்லாவற்றுக்கும் முன்னால், ஃபில்டரில் நல்ல பாக்டீரியா வளர நாலு முதல் ஆறு வாரம் பொறுமை வேண்டும்.

பார்க்க அவ்வளவு கலர்ஃபுல்லாக இருக்காதுதான். ஆனால் அடுத்த வருஷமும் அதே மீன்கள் அதே தொட்டியில் நீந்திக்கொண்டிருக்கும். "இது உங்க தொட்டிக்குச் சேராது, வேண்டாம் சார்" என்று சொல்லி வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்பும் கடைக்காரர்களும் இருக்கவே செய்கிறார்கள். கூட்டம் அந்தக் கடைக்குப் போகட்டும்.